மீசைக்கும் கடிதம் போட்டவர்

லிஃப்ட்காரரிடம் ஒரு குணம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லாதீர்கள். அவருக்கு எதையும் மறைக்கத் தெரியாது. நல்ல குணம்தானே என்பீர்கள். நல்ல குணம்தான், யார் இல்லையென்றது? ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது ஒன்று, கேட்காதவனையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்வது இன்னொன்று. அவர் இரண்டாவது ரகம்.

தொழில் கொடுத்த பழக்கம் அது. பத்தொன்பது வயதில் லிஃப்ட் பழுதுபார்க்கப் போனவர். ஒவ்வொரு கட்டடத்தின் உச்சியிலும், மோட்டார் ஓடும் அறையில், ஒரு பதிவேடு கயிற்றில் கட்டித் தொங்கும். ஒரு திருகைத் தொட்டாலும் அதில் எழுதிவிட்டுத்தான் இறங்க வேண்டும். அடுத்து வருகிறவன் அதைப் படித்துவிட்டுத்தான் கை வைப்பான். மற்றவர்கள் ‘எண்ணெய் விடப்பட்டது’ என்று கிறுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். நம்மாள் எழுதுவார்: ‘நான்காம் மாடிக் கதவு உரசியது. எண்ணெய் விட்டேன். சத்தம் நின்றது. மறுபடியும் வருகிறதா என்று பத்து நிமிடம் காத்திருந்தேன். வரவில்லை. இருந்தாலும் நாளை வந்து பார்ப்பேன்.’ மறுநாள் போய்ப் பார்த்து, வரவில்லை என்று அதையும் எழுதுவார்.

இப்படிப்பட்ட மனிதர் வெளிநாடு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. பதினோரு கட்டடங்களில் இருபத்திரண்டு லிஃப்டுகள் அவர் பொறுப்பு. மனைவியும் இரண்டு பெண்களும் ஊரில். வந்த இரண்டாம் வருஷம் முடிந்ததும் குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொள்ள விசாவுக்கு மனு போட்டார். ஒன்றரை வருஷத்தில் வந்துவிடும் என்றார்கள். மூன்று வருஷம் ஓடியது. அவருக்குப் பின்னால் மனு போட்டவர்களின் மனைவிமார்கள் வந்து இறங்கி, அவர்களில் இரண்டு பேர் இங்கேயே பிள்ளையும் பெற்றாகிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் குடியேற்ற அலுவலகம் இருப்பதே அவர் பார்த்துக்கொள்ளும் பதினோரு கட்டடங்களில் ஒன்றில்தான். ஆறாம் மாடி. அங்கே இருக்கும் அதிகாரிகள் தினமும் அவருடைய லிஃப்டில்தான் ஏறி இறங்குகிறார்கள்.

“அத்தனை பேரையும் மேல ஏத்துறீங்க, நம்ம ஃபைலை மட்டும் ஒரு மாடி ஏத்த முடியலையா?” என்று மனைவி போனில் கேட்பாள்.

“வேலை வேற, மனு வேற,” என்பார் இவர்.

வாய்ப்பேச்சு இல்லை, அப்படியே நடந்துகொள்வார். மனுதாரராகப் போகிற நாளில் லீவு போட்டு, சட்டையை இஸ்திரி போட்டு, ஆறு மாடியையும் படியில் ஏறித்தான் போவார். மூச்சு வாங்க டோக்கன் எடுப்பார். அவரோடு வேலை பார்க்கிறவனுக்கு ஆயில் என்று பெயர், எண்ணெய்க் குப்பியும் கையுமாகவே திரிவதால். அவன் ஒருநாள் யோசனை சொன்னான்.

“அண்ணே, பெரிய ஆபீசர் ஏறினதும் நாலாம் மாடிக்கும் அஞ்சாம் மாடிக்கும் நடுவுல ஒரு அரை மணி நேரம் நிறுத்திடுவோம். நீங்க மேல இருந்து ஆறுதலா பேச்சுக் குடுங்க. பொண்ணுங்க போட்டோவைக் கம்பி வழியா இறக்குங்க.”

லிஃப்ட்காரர் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

சிரிப்பெல்லாம் சிரிப்புதான், ஆனால் அடியில் நெருப்பு இருந்தது. மனு போட்டபோது பெரியவளுக்குப் பதினான்கு வயது. இப்போது பதினேழும் எட்டு மாதமும். பதினெட்டு நிறைவதற்குள் விசா கிடைக்காவிட்டால் அவள் பிள்ளைக் கணக்கில் வரமாட்டாள். தனியாக மனு போட வேண்டும், அது எத்தனை வருஷமோ. மனைவி ஒரே வரியில் முடித்துவிட்டாள். “வந்தா மூணு பேரும் வருவோம். இல்லன்னா யாரும் வரல.” அவள் ஒன்று சொல்லிவிட்டு மாற்றிச் சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. நான்கு மாதம்தான் பாக்கி.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நம்பி, துரிதப்படுத்தச் சொல்லிப் பதினோரு பக்கத்தில் ஒரு கடிதம் தயாரித்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. அதை ஒரு உறையில் போட்டு, படியேறி, டோக்கன் எடுத்து, ஐந்தாம் கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாளிடம் நீட்டினார். அந்த அம்மாள் உறையைப் பிரிக்கவே இல்லை. கோப்பு எண்ணைத் தட்டி, திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள்.

“சார், உங்க ஃபைல் லேட் ஆகல. முடியப் போறப்பெல்லாம் திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்குது.”

“யார் மேடம் ஆரம்பிக்கிறது?”

அந்த அம்மாள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். வரிசையாகப் பத்தொன்பது தேதிகள். பத்தொன்பதும் அவர் அனுப்பியவை.

“புதுசா ஒரு காகிதம் வந்தா ஃபைல் சரிபார்க்கிற மேசைக்குப் போயிடும் சார். அங்க கியூல கடைசில நிக்கணும். பார்த்து முடிச்சாதான் முடிவு பண்ற மேசைக்கு வரும். மூணு தடவை வந்திருக்கு. மூணு தடவையும் உங்க கடிதம் போய் இழுத்துட்டு வந்திருக்கு.” பிறகு ஒவ்வொன்றாகப் படித்தாள். “ரூம் நம்பர் பதினாலு, இப்ப பதினாலு ஏ. வேற ரூமா?”

“அதே ரூம்தான் மேடம். ஓனர் பலகையை மாத்தினார்.”

“ஷிப்ட் மாறினது. சூப்பர்வைசர் மாறினது. துரிதப்படுத்தவும், துரிதப்படுத்தவும், துரிதப்படுத்தவும்... இதுவே ஏழு இருக்கு. அப்புறம் இது என்ன? ‘மீசையை எடுத்துவிட்டேன், புதிய புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது.’”

“ஆமா மேடம். பழைய போட்டோல மீசை இருந்தது. பின்னாடி ஒரு சந்தேகம் வரக்கூடாதுன்னு.”

“அடுத்தது, ‘மீசை மீண்டும் வளர்ந்துவிட்டது.’”

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான்காம் கவுண்டர்காரர் தன் முன்னால் நின்ற டோக்கன்காரரை விட்டுவிட்டு எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். படமும் இணைத்து வைத்துக்கொண்டவர் இவர் ஒருவர்தான்.

ஆனால் லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அப்ப மூணு வருஷமா என் பிள்ளைங்களை நானேதான் நிறுத்தி வச்சிருக்கேனா மேடம்?” என்றார்.

அந்த அம்மாள் உடனே சிரிப்பை விழுங்கினாள். அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து வைத்தாள். “இதுல இருக்கிறது ஆறே விஷயம். வீடு மாறினா, வேலை போனா, பாஸ்போர்ட் மாறினா, வீட்டுல பிறப்பு, இறப்பு, கல்யாணம் ஏதாவது நடந்தா. இதை மட்டும் சொன்னாப் போதும். மத்ததை நீங்க சொல்லலன்னா அது மறைச்சதா ஆகாது. புரியுதா?” பிறகு உறையைத் தொட்டாள். “இதுல என்ன எழுதியிருக்கீங்க?”

“சீக்கிரம் பார்க்கச் சொல்லி. பெரிய பொண்ணுக்குப் பதினெட்டு ஆகப்போகுது.”

“அது எத்தனாவது பக்கம்?”

“ஒன்பதாம் பக்கம் மேடம். கடைசிப் பத்தி.”

“ஏன் சார், முதல் வரியில போட்டா என்ன?”

“எடுத்தவுடனே நம்ம வீட்டுக் கஷ்டத்தைச் சொன்னா நல்லா இருக்காதேன்னு...”

அந்த அம்மாள் ஒரு படிவத்தை நீட்டினாள். துரித விசாரணைக் கோரிக்கை. காரணம் எழுத ஒரு கட்டம். அதில் ஆறு கோடுகள், ஏழாவதற்கு இடமில்லை. “இதை நிரப்பிட்டு வாங்க. இன்னிக்கே குடுங்க. அந்த உறையை வீட்டுக்குக் கொண்டு போங்க. தயவுசெஞ்சு உள்ள போடாதீங்க.”

படிக்கட்டில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் போட்டார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். தன் வாயால் கெட்ட தவளை தானேதான் என்றும் சொன்னார். திட்டு விழும் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார்.

“மீசையை எடுத்துட்டு என் முன்னாடி வீடியோல வர மூணு நாள் பயந்தீங்க,” என்றாள் அவள். “அவங்களுக்கு அன்னிக்கே போட்டோ அனுப்பினீங்களா?”

அப்புறம்தான் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் இவருக்கு உயிர் வந்தது. சிரித்து முடித்து, “பேனாவை எடுங்க. நான் சொல்றதை எழுதுங்க, ஒரு வார்த்தை கூடச் சேர்க்காதீங்க,” என்றாள்.

அவள் சொன்னாள், இவர் எழுதினார். என் மூத்த மகளுக்கு இந்தத் தேதியில் பதினெட்டு வயது நிறைகிறது. அதற்குப் பிறகு அவள் எங்களோடு வர முடியாது. அவளை விட்டுவிட்டு அவள் அம்மா வரமாட்டாள். முடிவு எதுவானாலும் அந்தத் தேதிக்கு முன்னால் சொல்லுங்கள். நன்றி.

“மரியாதையோட கேட்டுக்கிறேன்னு ஒண்ணு போடட்டா?”

“வேணாம். நன்றியிலயே மரியாதை இருக்கு.”

ஒரு கோடு மிச்சமும் ஆனது. கவுண்டர் அம்மாள் படித்துப் பார்த்து, “இது நீங்க எழுதினதில்லையே,” என்றபடி முத்திரை குத்தினாள். இரண்டு வாரத்தில் கோரிக்கை ஏற்கப்பட்டதாகத் தகவல் வந்தது. இனி இவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. சும்மா இருக்க வேண்டும்.

சும்மா இருப்பது லேசா? அதுவும் இவருக்கு? ஆயில் வேறு, “பட்டனைப் பத்துத் தடவை அமுக்குறவனைப் பார்த்தா திட்டுவீங்களே அண்ணே, ஞாபகம் இருக்கா?” என்று தினமும் ஒருமுறை கேட்டுவிட்டுப் போவான். அந்த நேரம் பார்த்து எல்லாமும் மாறியது. கண் மங்கிப் புதுக் கண்ணாடி போட்டார். வீட்டுக்காரர் கதவுக்குப் பச்சை அடித்தார். கம்பெனியில் அவரையே சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். அச்சடித்த தாளை எடுத்து எடுத்துப் பார்த்தார். கண்ணாடியும் இல்லை, கதவும் இல்லை, பதவி உயர்வும் இல்லை. கை அரித்தது.

“அரிச்சா எனக்கு எழுதுங்க,” என்றாள் மனைவி.

எழுதினார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மோட்டார் அறையில் உட்கார்ந்து, அன்றாடம் ஒரு செய்தி. ‘இன்று கண்ணாடி மாற்றினேன். மூக்கின் மேல் அழுத்துகிறது. வலது காது சற்று மேலே இருப்பதாகக் கடைக்காரர் சொன்னார்.’ அவளிடமிருந்து பதில் வரும்: ‘பெறப்பட்டது. கோப்பில் சேர்க்கப்பட்டது. வலது காது எனக்கு முன்பே தெரியும்.’ ஐந்து வருஷமாக அவளிடம் சாப்பிட்டாயா, பணம் வந்ததா, பிள்ளைகள் படிக்கிறார்களா என்று மூன்றே கேள்வி கேட்டுக்கொண்டிருந்த மனிதர். சொல்ல வேண்டியதையெல்லாம் ஆறாம் மாடிக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். “இதையெல்லாம் எனக்கு ஏங்க எழுதல இத்தனை வருஷமா?” என்று ஒருநாள் அவள் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அன்று அவரால் எதுவும் எழுத முடியவில்லை.

ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று. இன்னும் இருபது நாள் இருந்தது, பிறகு பதினைந்து. அவர் சாப்பாடு குறைந்தது. பதிவேட்டில் கூட, ‘எண்ணெய் விடப்பட்டது’ என்று இரண்டே வார்த்தை எழுதியதைப் பார்த்து ஆயில் பயந்து போய்விட்டான்.

பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு மருத்துவமனை லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து கம்பிக்கு மசகு தடவிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். மூன்று பெயர்கள். மூன்றுக்கும் எதிரே அனுமதிக்கப்பட்டது என்று இருந்தது. நான்கு முறை படித்தார். மூத்தவள் பெயருக்குக் கீழே ஏதாவது சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். ஒன்றும் இல்லை. அந்த இருட்டுக் குழியில், பத்து மாடி உயரத்தில், நாற்பத்தெட்டு வயது மனிதர் தன் மகள்களின் பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். கீழே காத்திருந்தவர்கள் யாரோ சிக்கிக்கொண்டதாக நினைத்து ஆபத்து மணியை அடித்தார்கள். இறங்கி வந்தவர், மன்னிப்புக் கேட்டதோடு விட்டாரா? வீல்சேரில் இருந்த பெரியவரிலிருந்து தரை துடைக்கிற பெண்மணி வரை எல்லோரிடமும் முழுக் கதையையும் சொன்னார். பெரியவர் இரண்டாம் முறையும் கேட்டுக்கொண்டார்.

ஒன்பது நாளில் டிக்கெட் போட்டு மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். மேல்படிப்பு, கட்டில் வாங்குவது, பச்சைக் கதவின் நிறம் நன்றாக இல்லை என்பது எல்லாவற்றையும் விமான நிலையத்திலிருந்து வீடு வருவதற்குள்ளேயே மனைவி பேசி முடித்துவிட்டாள்.

நான்காம் நாள் காலை. பெரியவளுக்குப் பதினெட்டு நிறைந்த நாள். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, ஒரே ஒரு குளியலறை. ஐந்து வருஷம் அவர் தனியாக ஆண்ட ராஜ்யம் அது. ஆறே முக்காலுக்கு உள்ளே போய் ஆறு ஐம்பதுக்கு வெளியே வருவார், ஒருநாளும் பிசகியதில்லை. இப்போது மணி ஏழு இருபது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இவர் வெளியே நின்றார். இவருக்குப் பின்னால் சின்னவள், வாயில் பிரஷ்ஷோடு. கீழே ஆயில் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டாம் முறை ஹாரன் அடித்தான்.

“அரை மணி நேரமா உள்ள என்னதான் பண்றா?” என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து. “உங்களுக்கு லேட் ஆகுது இல்ல? கதவைத் தட்டுங்களேன்.”

அவர் தட்டக் கையை ஓங்கினார். உள்ளே பெரியவள் ஏதோ பாட்டு முணுமுணுத்தபடி தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் கையை இறக்கிவிட்டார். சுவரில் சாய்ந்து வசதியாக நின்றுகொண்டார்.

“என்ன அவசரம்? மெதுவா வரட்டும்,” என்றார்.