கால் நின்ற இடம்

கண்ணையனை ஒரு வேலையில் நிறுத்திவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. வேலை பார்த்த ஆலை மூடியபின் தவளக்குப்பத்தில் மூட்டை தூக்கினான், பெரிய மார்க்கெட்டில் மீன்கூடை இறக்கினான். எதிலும் ஒரு மாதம் தாங்கவில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷன் எண்பத்திரண்டாம் வருஷம், வீராம்பட்டினம் கடற்கரையில் இடம் அளக்க சர்வேக்காரர்கள் வைத்த சாட்டிலைட் ஆன்டெனாவுக்குக் காவலாக எட்டு நாளும் ஒழுங்காக வந்தான். காரணம், செத்துப்போன அவன் மகள் சந்திரகலா.

மூன்று வயதில் காய்ச்சலில் போன பிள்ளை. சவுக்குத் தோப்பைத் தாண்டி ஒரு பனையடியில் புதைத்தான். பெண்கள் அங்கே போகும் வழக்கமில்லை. இடம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். பிறகு வந்த புயலில் பனையும் போயிற்று, தோப்பும் போயிற்று.

"எம் புள்ளய எங்கய்யா வெச்ச? ஒரு சொம்பு பால் ஊத்தணும், காட்டுய்யா" என்று வருஷா வருஷம் கேட்பாள் மனைவி வசந்தா. அவன் வேலை தேடும் சாக்கில் வெளியே கிளம்பிவிடுவான்.

சர்வே அதிகாரி சுப்பிரமணியனிடம் கேட்டான். "சார், மேல போற சாட்டிலைட்டு எம் பொண்ணு இருக்கிற இடத்தச் சொல்லுமா?"

"ஆன்டெனா வெச்ச இடத்தத்தான் சொல்லும், கண்ணையா. அதுவும் ஒரு தடவ கேட்டா நூறடி தள்ளிச் சொல்லும். அம்பது தடவ கேட்டு நடுவப் பிடிச்சாத்தான் கிட்ட வரும்."

அவனுக்கு அது போதும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்த நடை கால்களுக்கு மறக்குமா? காவல் மாறும்போதெல்லாம் தெருமுனையிலிருந்து கிழக்கே நடந்தான். நடுவைப் பிடிக்க, ஒவ்வொரு தடவையும் கால் நின்ற இடத்தில் ஒரு குச்சி நட்டான். அந்த எட்டு நாளும் அவன் சந்தோஷமாக இருந்தான் என்றால் நம்பமாட்டீர்கள், இருந்தான்.

கடைசி நாள் சுப்பிரமணியன் குச்சிகளைப் பார்த்தார். எல்லாம் தண்ணீரோரமாக ஒரே வரிசையில் நின்றன.

"தப்பு ரெண்டு பக்கமும் விழுந்தாத்தான் நடுவு சரியா வரும், கண்ணையா. நீ கால் நனையறப்பல்லாம் நின்னுட்டிருக்க."

புயலுக்குப் பிறகு கடல் உள்ளே வந்துவிட்டது என்பது ஊருக்கே தெரியும். அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது, பாவம்.

மறுநாள் காலை வசந்தாவை அழைத்துவந்தான். இந்தத் தடவை கால் நனைந்தும் நிற்காமல் நடந்தான். முழங்கால், இடுப்பு, மார்பு வரை தண்ணீர் ஏறியது. அங்கே கால்கள் தாமாக நின்றன.

"இங்கதான்டி" என்று அழுதுகொண்டே கத்தினான்.

வசந்தா பால் சொம்போடு ஈர மணலிலேயே நின்றாள்.