டர்ட் பைக் வாங்கக் காணிப்பாக்கம் போனோம்

காலை ஐந்து நாற்பதுக்குச் சத்தியவேடு பேருந்து நிலையத்தில் திருப்பதி வண்டி புறப்படத் தயாராக நின்றது. நடத்துநர் என் ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டுக் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஆந்திரத்தில் பெண்களுக்கு இப்போது பேருந்து இலவசம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் முனிரத்தினத்துக்கு மட்டும் நூற்றுப் பத்து ரூபாய்.

"வண்டி உனக்கு, சீட்டுக் காசு எனக்கா? இன்னாமே நியாயம் இது?" என்றார்.

வண்டி எனக்குத்தான். நான் இங்கே தொழிற்பேட்டையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது முப்பத்தாறு. உயரம் ஐந்தடி ஓரங்குலம், அதுவும் செருப்போடு. எங்கள் பிரிவில் நான்கைந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் நாகலாபுரம் தாண்டி மலையடிவாரத்துக் கல்பாதைகளில் பைக் ஓட்டப் போவார்கள். பொங்கல் கழிந்த வாரம் நானும் என் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். கால் கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன், ஸ்கூட்டரின் வயிறு பாறையில் தட்டி நின்றுவிட்டது. அவர்கள் புதருக்குள் வளைந்து மறைந்தார்கள். சத்தம் மட்டும் நெடுநேரம் கேட்டது. அந்தப் பாதை எங்கே போகிறது, வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அன்றிலிருந்து எனக்கு ஒரே குடைச்சல்.

முனிரத்தினம் கெட்டவர் இல்லை. பின்னால் உட்கார்ந்தால் காசிக்கே கூட்டிக்கொண்டு போவார். நான் தனியாகக் கல்லிலும் மணலிலும் ஓட்டுவேன் என்றால்தான் அவருக்குப் பயம். எங்கள் வீட்டில் பெரிய சாமான் எதையும் இருவரும் சரி என்று சொல்லாமல் வாங்குவதில்லை, ஃபிரிட்ஜ்கூட அப்படித்தான் வந்தது. இந்த விஷயத்தில் மூன்று மாதமாக அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "நேர்ல பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். அதற்காகத்தான் இந்தப் பயணம். இன்று அவர் தலை ஆடாவிட்டால் எனக்கு வண்டி கிடையாது. இரண்டாவது தடவை கேட்க எனக்கும் ரோஷம் இடம் கொடுக்காது.

எட்டேகாலுக்குத் திருப்பதி. எழுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். மலைக்குப் போகிற கூட்டம் ஒரு பக்கமாக வடிந்துவிட, நாங்கள் மறுபக்கம் நடந்து கார தோசை சாப்பிட்டோம். உள்ளே தடவும் சிவப்புக் காரம் காதுவரை ஏறும். ஒன்று ஐம்பத்தைந்து ரூபாய். பைக் ஷோரூம் திறக்க நேரமிருந்ததால் நான் படித்து வைத்திருந்ததையெல்லாம் அவருக்குச் சொன்னேன். சுத்தமான டர்ட் பைக்குக்கு முகப்பு விளக்கு கிடையாது, நம்பர் பலகை கிடையாது, ரோட்டில் ஓட்டக்கூடாது. மலையடிவாரம் வரை அதைச் சின்ன லாரியில்தான் ஏற்றிக்கொண்டு போகவேண்டும். அதனால் ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவாக வருகிற ரகம்தான் நமக்கு. முன்சக்கரம் பெரிதாக இருக்க வேண்டும். இஞ்சினுக்கு அடியில் ஒரு முழங்கால் இடைவெளி வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இருநூறு சிசிக்கு மேல் வேண்டாம்.

"எல்லாம் சரி, விழுந்தா இன்னா பண்ணுவே? அத எங்கியாவது எழுதிக்கிறானா?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

பத்து மணிக்குத் திருச்சானூர் சாலையில் ஒரு ஷோரூம். புது வண்டி பளபளவென்று நின்றது. விற்பனை செய்யும் இளைஞர் பிடித்துக்கொள்ள, நான் ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதுகூட மிகை. காலை அகட்டித் தொங்கினேன். இடது பக்கம் சாய்ந்தால் இடது கட்டைவிரல் தரையைத் தொடும், வலது பக்கம் சாய்ந்தால் வலது கட்டைவிரல். இரண்டும் சேர்ந்து தொடுவது அந்த வண்டியில் நடக்காது.

"ஒரு காலு ஊனினா போதும் மேடம். பழகிடும்" என்றார் இளைஞர்.

"பழகுற வரைக்கும்?"

"பழகுற வரைக்கும் கொஞ்சம் கஷ்டம்தான்" என்று ஒப்புக்கொண்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. விலை ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல் என்றது பிடிக்கவில்லை.

நான் இறங்கியதும் முனிரத்தினம் ஏறினார். ஆறடி மனிதர். இரண்டு பாதமும் தரையில் பாய் விரித்தமாதிரி படிந்தன. கண்ணாடியில் மீசையைப் பார்த்துக்கொண்டார். "எனக்கு நல்லா செட் ஆவுதுமே" என்றார். அந்த நிமிடம் அவரை வண்டியோடு சேர்த்துக் கீழே தள்ளலாமா என்று தோன்றியது உண்மை.

அடுத்தது பழைய வண்டி. சித்தூர்ப் பக்கம் காணிப்பாக்கத்தருகே ஒருவர் விற்கிறார் என்று என் தோழி எண் கொடுத்திருந்தாள். முனிரத்தினம்தான் அவரோடு பேசி நேரம் குறித்திருந்தார். பதினொன்றரை சுமாருக்குப் பாசஞ்சர் ரயில் ஏறினோம், ஆளுக்கு இருபது ரூபாய். சந்திரகிரி தாண்டியதும் இரண்டு பக்கமும் உருண்டைப் பாறை மலைகள். ஒவ்வொரு மலையின் காலடியிலும் ஒரு மண்பாதை எங்கேயோ திரும்பிப் போனது. முன்பெல்லாம் இவற்றை நான் பார்த்ததே இல்லை. இப்போது ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

பாகாலா சந்திப்பில் வண்டி நெடுநேரம் நின்றது. வெள்ளரிக்காய்க் கூடையோடு ஓர் அம்மாள் ஏறி எங்கள் எதிரே உட்கார்ந்தார். எங்கே போகிறோம் என்று கேட்டார். காணிப்பாக்கம் என்றோம்.

"சாமி கும்பிடவா, சத்தியம் பண்ணவா?"

"ரெண்டுக்கும்" என்றார் முனிரத்தினம்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. வண்டி விபத்தில் அடிபட்டதில்லை என்று காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்தால்தான் பேச்சு என்று போனிலேயே அந்த ஆளிடம் சொல்லியிருக்கிறார். அவரும் ஒத்துக்கொண்டாராம். எங்கள் மாவட்டங்களில் காணிப்பாக்கத்துச் சத்தியத்துக்கு மேல் பேச்சு கிடையாது. பங்காளிச் சண்டை முதல் கடன் தகராறு வரை அங்கே போய் முடியும். பொய்ச் சத்தியம் செய்ய யாருக்கும் துணிச்சல் வராது.

வெள்ளரிக்காய் அம்மாளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "எங்க ஊர்ல ஒருத்தன் ஆட்டத் திருடலன்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சான். சரி, காணிப்பாக்கம் வாடான்னு பஸ்ல ஏத்திக்கினு போனாங்க. பாதி வழியில டீ குடிக்க எறங்கனவன் திரும்பி வரவே இல்ல. மறுநாள் ஆடு மட்டும் வந்துச்சி" என்றார். உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய வெள்ளரிக்காய் இரண்டு பத்து ரூபாய்.

சித்தூரில் இறங்கி, பதினோரு கிலோமீட்டர் ஆட்டோவில். இருநூற்றைம்பது ரூபாய். மதியம் இரண்டேகாலுக்குக் காணிப்பாக்கத்தை அடுத்த கிராமத்தில் ஒரு மாந்தோப்பு வாசலில் இறங்கினோம்.

"ரண்டி அக்கா, ரண்டி அண்ணா" என்று வரவேற்றபடி வண்டியை விற்கும் பாஸ்கர் வந்தார். மாங்கூழ்த் தொழிற்சாலைக்குத் தோப்பு தோப்பாகப் போய்க் காய் பார்த்து விலை பேசி முடிப்பவர். இப்போது பெங்களூருக்குக் குடிபோகிறார். அவர் கிட்டே வந்து நின்றதும் என் மனது துள்ளியது. மனிதர் என் உயரம்தான்.

"சீட்ட பாருங்கக்கா. உள்ள ஸ்பாஞ்ச வெட்டி, பின்னாடி சஸ்பென்ஷனயும் எறக்கி வெச்சிக்கிறேன். இல்லன்னா என் காலு எங்க எட்டும்?"

ஏறி உட்கார்ந்தேன். இரண்டு கால்களின் முன்பாதமும் தரையில் இருந்தன. அடுத்து முனிரத்தினம் ஏறினார். முழங்கால்கள் கைப்பிடியோடு சண்டை போட்டன. இந்தமுறை அவர் கண்ணாடி பார்க்கவில்லை.

தோப்புக்குப் பின்னால் காய்ந்த ஏரி. தலைக்கவசமும் முட்டிக்காப்பும் கொண்டு வந்திருந்தேன். காலில் தொழிற்சாலையில் போடும் இரும்பு முனை ஷூ. முதல் கியரில் ஏரிக்குள் இறங்கினேன். ஸ்கூட்டரில் தூக்கித் தூக்கிப் போடும் மேடு பள்ளமெல்லாம் இதில் வயிற்றுக்கு வந்து சேரவே இல்லை. சக்கரம் அதன் பாட்டுக்கு ஏறி இறங்கியது, நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். சிரிப்பு வந்தது. இரண்டாவது சுற்றில் இரண்டாவது கியர். மூன்றாவது சுற்றில், மாடுகள் மிதித்துக் காய்ந்துபோன குளம்புக் குழிகளுக்குள் முன்சக்கரம் சிக்கிக்கொண்டது. மெதுவாகத்தான் விழுந்தேன். அடியில்லை. ஆனால் நூற்றைம்பது கிலோ வண்டி பக்கத்தில் படுத்துக்கொண்டது.

நான் எழுந்து நிற்பதற்குள் முனிரத்தினம் ஓடி வந்துவிட்டார். பின்னால் பாஸ்கர். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டியைத் தூக்கிவிட்டார்கள். முனிரத்தினத்தின் முகம் சுண்டிப்போயிருந்தது.

"யாருமில்லாத காட்டுல விழுந்தா யாருமே தூக்குறது?" என்றார். எப்படித் தூக்குவது என்று படித்து வைத்திருந்தேன். தூக்க முடியுமா என்று தெரியாது.

நான்கு மணிக்குக் கோயில். குளத்தில் கால் கழுவித் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டோம். வரிசையில் அரைமணி நேரம். கிணற்றுக்குள் இருக்கும் பிள்ளையாரைப் பார்த்துப் பாஸ்கர் கை கூப்பினார்.

"வண்டி எங்கியும் மோதல. இஞ்சின பிரிக்கல. பேப்பரெல்லாம் என் பேர்ல கீது. சத்தியம்."

வரிசை நகர்ந்து வெளிப்பிராகாரத்துக்கு வந்ததும் முனிரத்தினம் அவரை நிறுத்தினார். "இன்னொண்ணும் சொல்லிடுப்பா. பழகறவங்க இதுல விழமாட்டாங்கன்னு."

"ஐயய்யோ, அது எப்படிண்ணா? விழாம இருக்கணும்னா ஸ்கூட்டர் வாங்கிக்கோங்க. இது விழுந்து எழுந்துகினு போற வண்டி. நானே எத்தினி வாட்டி விழுந்துக்கிறேன்!"

முனிரத்தினம் என் பக்கம் திரும்பினார். "அப்ப நீ பண்ணு. விழமாட்டேன்னு சத்தியம் பண்ணு, இப்பவே வாங்கிடலாம்."

ஒரு சொல்தான். சொன்னால் வண்டி என்னுடையது. வீட்டில் கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன். இங்கே நாக்கு எழவில்லை. மதியம்தான் விழுந்தவள், இனியும் விழப்போகிறவள்.

"பொய்ச் சத்தியம் பண்ணமாட்டேன் மாமா" என்றேன். "விழுவேன். விழுந்தா மறைக்காம உனக்குத்தான் முதல் போன். அதுக்கு வேணா சத்தியம்."

அவர் கொடிமரத்தருகே விழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். பிரசாதக் கடையில் புளியோதரை வாங்கினார். ஒரு வாய் தின்றார். "இன்னா மாமா, ஒண்ணுமே துன்னல?" என்றதற்கும் தலையை மட்டும் ஆட்டினார், அதுவும் எந்தப் பக்கம் என்று புரியாதபடி. போச்சு என்று நினைத்தேன். எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

திரும்பத் தோப்புக்கு வந்தபோது ஐந்தரை. ஊருக்குப் புறப்பட வேண்டும். சித்தூரில் பேருந்து பிடித்தால்தான் வீடு போய்ச் சேர முடியும். பாஸ்கர் வண்டியின் மேல் துணி போர்த்தப் போனார்.

"இரு பாஸ்கர்" என்றார் முனிரத்தினம். "அந்தத் தோப்புப் பாதை எங்க போவுது?"

"மலை வரைக்கும் போவுதுண்ணா. ஒண்ணரை கிலோமீட்டர்."

"ஒருவாட்டி ஓட்டிக்கினு வரட்டும். நாம இங்கியே நிப்போம்." என்னைப் பார்த்து, "போன் சார்ஜ் கீதா?" என்று மட்டும் கேட்டார்.

மாம்பிஞ்சுகள் தோளில் உரசும் பாதை. முதல் வளைவு வந்தது, தாண்டினேன். அங்கே வாய்க்கால் வெட்டிய இடத்தில் மண் தூளாகக் கிடந்தது. ஏறும்போது பயந்து வேகத்தைக் குறைத்துவிட்டேன். குறைக்கக்கூடாது என்று விழும்போதே தெரிந்தது. வண்டி இடதுபக்கம் சாய, நான் வலதுபக்கம் உட்கார்ந்தேன். இஞ்சினை அணைத்தேன். கிளைகளுக்கு நடுவே பார்த்தால் இருநூறு அடி தூரத்தில் முனிரத்தினத்தின் வெள்ளைச் சட்டை தெரிந்தது. அவரும் என்னைப் பார்த்துவிட்டார். ஓடி வரக் காலை எடுத்து வைத்தவர், அப்படியே நின்றார்.

நான் போனை எடுத்து அழைத்தேன். அவர் சட்டைப் பையில் மணி அடிப்பது எனக்கே கேட்டது.

"சொல்லு."

"விழுந்துட்டேன் மாமா."

"அடிகிடி பட்டுச்சா?"

"இல்ல."

"வரட்டா?"

"வேணாம்."

"சரி, போன வைமே. ரெண்டு கையும் வேணும் இல்ல" என்றார்.

போனைப் பைக்குள் போட்டேன். கைப்பிடியை முழுக்கத் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, சீட்டில் இடுப்பை முட்டுக் கொடுத்து, காலால் மண்ணைத் தள்ளினேன். முதல் தடவை ஷூ வழுக்கியது. இரண்டாவது தடவை வண்டி அசைந்து, மேலே வந்து, நின்றது. பக்க ஸ்டாண்டைப் போட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். முனிரத்தினம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாஸ்கரிடம் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.