தேரடி ரோட்டுல பெடல் கிழிச்ச கோடு

டிஞ்சர் வாசம் அடிச்சா இப்பவும் முழங்கை எரியுற மாதிரி இருக்கும்...

நான் பிளஸ் ஒன் படிக்கும்போது வீடு ராஜபாளையம். பிசிக்ஸ் டியூஷன் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூர்ல. பஸ்ல போயி இறங்கி, மாமா வீட்டு சைக்கிள எடுத்துக்கிட்டுப் போவேன்.

ஒரு நாள் சாயங்காலம் தேரடிப் பக்கம் நான் கிழக்க பாத்துப் போறேன். தெக்குச் சந்துல இருந்து, கூட டியூஷன் படிக்கிற செண்பகா வாரா. ரெண்டு பேரும் பிரேக் பிடிக்கல. ஹேண்டிலோட ஹேண்டில் மாட்டி, ரெண்டு சைக்கிளும் ஒண்ணா கோணலா இழுத்துக்கிட்டுப் போயி விழுந்துச்சு.

அவ வீட்டுக்குப் போனோம். அவ அப்பா மிலிட்டரில இருந்தவரு. ரெண்டு பேருக்கும் டிஞ்சர் போட்டுட்டு, "வேகமா வந்தது யாரு?"ன்னு கேட்டாரு.

"இவந்தாம்ப்பா"ன்னா.

"இல்ல சார், அவதான்"னேன்.

"இவன்னா இவன் வீட்டுல வந்து சொல்லுவேன். நீன்னா இனி சைக்கிளத் தொடப்படாது"ன்னுட்டாரு அவகிட்ட.

அந்த வாரம் டியூஷன்ல, ரெண்டு பொருள் குறுக்க முட்டி ஒட்டிக்கிட்டுப் போற கணக்கு. "எடைய வேகத்தால பெருக்குனா மொமெண்டம். கிழக்க போற மொமெண்டம் தனி, வடக்க போறது தனி. முட்டுறதுக்கு முன்னாடி எம்புட்டோ, பொறவும் அம்புட்டுதான்"னாரு சார். செண்பகா என்னைத் திரும்பிப் பாத்தா.

டியூஷன் விட்டதும் பஸ் ஸ்டாண்ட் மெஷின்ல ரெண்டு பேரும் எடை பாத்தோம். பொறவு தேரடி. விழுந்தப்போ பெடல் கிழிச்ச கோடு சிமெண்ட் ரோட்டுல அப்படியே இருந்துச்சு. போறவங்க வாரவங்க பாக்க, செண்பகா முட்டி போட்டு, கோணம் அளக்க ப்ரொட்ராக்டர வச்சா.

"கிழக்க போற மொமெண்டம் உன்னோடது. வடக்க போறது என்னோடது. கோடு வடக்கதான் கூட சாஞ்சிருக்கு. சைக்கிள் ரெண்டும் ஒண்ணு போலத்தான். எடையும் எனக்குத்தான் கம்மி. அப்ப வேகம் எனக்குத்தான்..."

கோணத்த இன்னொரு தடவை அளந்தா. பொறவு சிரிச்சுட்டா.

"அப்பாட்ட சொல்லிருதேன்லே."

"சொல்லாட்டி யாருக்குத் தெரியும்?"ன்னேன்.

"கணக்கு வந்துருச்சுல்லா."

சொல்லிட்டா. சைக்கிள் போச்சு. டியூஷன் முடிஞ்சு அவ நடப்பா. நானும் இறங்கி, உருட்டிக்கிட்டே கூட நடப்பேன். வீடு வார வரைக்கும் கணக்குச் சண்டைதான். நெறைய தடவை நான் வேணும்னே தப்பா சொல்லுவேன்... அவ நின்னு, விளக்கி, பொறவு நடப்பா. தெரு கொஞ்சம் நீளும்.

பிளஸ் டூ முடிஞ்சதும் அவிய குடும்பம் கோயம்புத்தூர் போயிட்டாக. நம்பர் வாங்கி வைக்கல. வாங்கணும்னு தோணல... நாளைக்கும் பாப்போம்ங்கிற மாதிரியே இருந்துட்டோம்.

இப்ப சென்னையில வேலை. மகளுக்கு அதே பாடம் வந்திருக்கு. போன்ல வீடியோ பாத்து அஞ்சு நிமிஷத்துல ஆன்சர் எழுதிட்டா. கரெக்டாதான் இருந்துச்சு.

ஆபீஸ்லயும் டெய்லி யார் மேல தப்புன்னுதான் மீட்டிங். எல்லாரும் நல்லா பேசுறாங்க. நானும் பேசுறேன்.

தன் கணக்குல தானே தோத்து, அதுக்குச் சிரிச்ச ஆள் மட்டும் இதுவரைக்கும் எதுத்தாப்புல வரல...