கடைசித் தேதி

அப்பாவைப் பொறுத்தவரை கடைசித் தேதி என்பது வீட்டிலிருந்து கிளம்ப வேண்டிய தேதி. கரண்ட் சார்ஜ், நிலவரி, ரேஷன் கார்டில் ஆதார் சேர்ப்பது, எதையும் அவர் அதற்கு முன் செய்ததில்லை. நெய்யாற்றின்கரையில் ஓர் அலுவலகத்தில் அவர் கிளார்க். நீட்டாத தேதியை அவர் சர்வீஸில் பார்த்ததே இல்லையாம்.

எனக்குக் கணிதம் படிக்க வேண்டும். பாறசாலையில் எங்கள் வீட்டிலிருந்து தமிழ்நாட்டு எல்லை நடந்து போகிற தூரம்தான். அந்தப் பக்கம், மார்த்தாண்டத்தை அடுத்த ஒரு கல்லூரியில் கணிதம் நன்றாக நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பிளஸ் டூ முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே கேரளத்தில் விண்ணப்பம் ஆரம்பிக்கிற நேரத்தில் அங்கே முடித்துவிடுவார்கள். ரிசல்ட் வந்த அன்றே அப்பாவிடம் சொன்னேன். மறுநாளும் சொன்னேன்.

“எதுக்கு மக்கா கெடந்து துடிக்குத? இன்னும் பத்து நாளு உண்டு.”

பத்து ஐந்தானது. “தேதிய நீட்டுவினும்,” என்றார். அம்மா எல்லைக்கு அந்தப் பக்கம், களியக்காவிளைக்கு அப்பாலிருந்து வந்தவள். “எங்க ஊரில நாலு மணி எண்ணா நாலு மணியாக்கும்,” என்றாள். அப்பா அதை மாமனார் வீட்டுப் பெருமை என்று எடுத்துக்கொண்டார். தனியாகப் போகிறேன் என்றேன். அப்பன் வந்து கையெழுத்துப் போட வேண்டாமா என்று தடுத்தார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று வேறு சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசி நாள் நாலு மணிக்குள் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அப்பா அரை நாள் லீவு போட்டு வந்தார். வந்தவர் சாப்பிட உட்கார்ந்தார். மீன்குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சட்டை மாற்றினார். நான் ஃபைலைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். களியக்காவிளையில் பஸ் அரை மணி நேரம் நகரவில்லை. கல்லூரிக்குள் நாங்கள் ஓடி நுழைந்தபோது மணி நாலு இருபது.

கவுண்டரில் இருந்த பெண் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். அப்பா சிரித்த முகத்தோடு கேட்டார்: “தேதி நீட்டுவீங்கல்லா?”

“எதுக்கு?” என்றார் அவர். அப்பா என்ன கேட்கிறார் என்றே அவருக்கு விளங்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஆட்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கேரளத்தில் அந்த வருஷம் தேதியை இரண்டு தடவை நீட்டினார்கள். இரண்டு தடவையும் அப்பா பேப்பரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மூன்றாவது அலாட்மென்டில், இரண்டு பஸ் மாறிப் போகிற ஒரு கல்லூரியில் எனக்குப் பொருளாதாரம் கிடைத்தது.

இரண்டு வருஷம் கழித்துத் தம்பியின் முறை வந்தது. மார்த்தாண்டத்துப் பக்கம் அதே கல்லூரி. விண்ணப்பம் கொடுக்கத் தொடங்கிய முதல் நாள், அப்பா முழு நாள் லீவு போட்டுவிட்டு காலை ஏழு மணிக்கே செருப்பை மாட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றார். தம்பி பல்கூடத் தேய்க்கவில்லை.

“எலே, எறங்கு. இதுக்கெல்லாம் கடைசி நாளு வரைக்கும் நிக்கப்பிடாது,” என்றவர், பொருளாதாரப் புத்தகத்தோடு படியிறங்கிய என்னைப் பார்த்து, “உள்ளதுதானே மக்கா?” என்று கேட்டார்.

“உள்ளதாக்கும்,” என்றேன். என் கணிதம் போனதால்தான் தம்பிக்கு இந்த ஏழு மணி கிடைத்தது. அது அவருக்கு உறைத்ததாகவே தெரியவில்லை.