குடத்தை மாற்றினால் முதுகு நிமிருமா

மகளுக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போதுதான் முதலில் பார்த்தேன். வலது தோள்பட்டை எலும்பு மட்டும் புடைத்துத் தெரிந்தது. அப்போது ஏழாவது படித்தாள். எனக்கு உடனே காரணமும் கிடைத்துவிட்டது. எங்கள் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு ஓட வேண்டும். அவள் எப்போதும் இடது இடுப்பில்தான் குடம் வைப்பாள்.

"அங்கன வச்சு வச்சுத்தான் கோணிப்போச்சு. இனிமே வலது இடுப்புல வையிட்டி" என்று மாற்றிவிட்டேன். பழக்கமில்லாத இடுப்பில் தண்ணீர் சிந்தும், நான் கத்துவேன். "நிமிந்து நடட்டி!" என்று முதுகில் ஓர் அடியும் விழும். ஆறு மாதம் இப்படியே போனது. பட்டாசுக் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்தவர்களும் நான் செய்வது சரி என்றார்கள். அங்கே ஆளாளுக்கு டாக்டர்.

ஒருநாள் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் என்னை வரச்சொன்னார். கதவைச் சாத்திவிட்டு, மகளைக் கால் சேர்த்து நின்று முன்னால் குனியச் சொன்னார். "பின்னால நின்னு பாருங்கம்மா." வலது பக்க முதுகு மேடாக எழும்பி நின்றது. நான் அடித்த அதே முதுகு.

மதுரையில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது.

"குடத்தால வரலம்மா. குடத்த மாத்துனா போகவும் போகாது. வளர்ற வயசுல இது கூடிக்கிட்டே போகலாம். வளர்த்தி நிக்கிற வரைக்கும் பெல்ட் போட்டுத் தடுத்துப் பார்ப்போம். மீறிக் கூடுனா ஆபரேஷன்தான்."

பெல்ட் என்றால் துணியல்ல. அக்குளிலிருந்து இடுப்பு வரை இறுக்கும் கெட்டிப் பிளாஸ்டிக். குளிக்கிற, விளையாடுகிற நேரம் தவிர இரவும் பகலும் போட வேண்டும், அதுவும் எங்கள் ஊர் வெயிலில்! முதல் வாரமே தோல் சிவந்தது. "எம்மா, என்னால முடியல, தூக்கி எறி" என்று அழுதாள். கம்பெனியில் தீப்பொறிக்குப் பயந்து நைலான் உடுத்தவிடமாட்டார்கள், பருத்திதான். வீட்டிலும் பருத்தி பனியனையே எடுத்தேன். தையல் அழுத்தாமல் உள்வெளியாகத் திருப்பி, சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, மேலே பெல்ட்டை மாட்டினேன். சிவப்பு ஆறியது.

"இப்படி மாட்டிவிட்டா நாளைக்கு யாரு கட்டுவா?" என்றாள் கம்பெனி வேனில் ஒருத்தி.

"ஒம் மகனக் கேட்டு வந்தேனாக்கும்? வாயப் பொத்திக்கிட்டு வாட்டி!" என்றேன். வேனே சிரித்தது.

ஒரு தடவை மதுரையில் எக்ஸ்ரே எடுத்தபோது வளைவு கொஞ்சம் கூடியிருந்தது. வீட்டுக்கு வந்து துருவிக் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தட்டிப் பார்த்துக் கேலி செய்ததால், பெல்ட்டைக் கழற்றிப் பையில் வைத்திருக்கிறாள். கை ஓங்கிவிட்டது. அடிக்கவில்லை. உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதோம். மறுநாள் அவளே பெல்ட்டின் வாரை இறுக்கச் சொல்லித் திரும்பி நின்றாள். அப்புறம் ஒருநாளும் அவளாகக் கழற்றவில்லை.

பத்தாவது முடித்த கோடையில் கடைசி எக்ஸ்ரே. டாக்டர் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"வளர்த்தி நின்னுருச்சு. நடுவுல கூடுனதோட சரி, அதுக்கப்புறம் வளைவு கூடல. ஆபரேஷன் வேண்டாம். பெல்ட்டையும் கொஞ்சம் கொஞ்சமா விட்டுரலாம்."

"இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டர்."

சிரித்துக்கொண்டே திரும்பச் சொன்னார். வெளியே வந்ததும் அவளைக் கட்டிப்பிடித்து ஓவென்று சத்தம் போட்டேன். வரிசையில் நின்ற கூட்டம் மொத்தமும் திரும்பியது.

"எம்மா, சும்மா இரு. எல்லாரும் பாக்காக."

"பாக்கட்டும்ட்டி! ஜெயிச்சவளப் பாக்காம வேற யாரப் பாக்கப் போறாக?"