டேங்கும் இரண்டு தலையும்

“மூச்சு விடலாம் மாமா. தலையைத்தான் ஆட்டக் கூடாது.”

கேமராவை ஸ்டாண்டில் இறுக்கிக்கொண்டே சொன்னார் போட்டோக்காரர். ஜன்னலுக்கு முன்னால் நாற்காலியில் மாமனார். ஜன்னலுக்கு வெளியே, நல்ல வெயிலில், ஊர்த் தண்ணீர் டேங்க். அதற்கு மோட்டார் போட்டு, மோட்டார் நிறுத்தியே தலை நரைத்தவர். போன வாரம்தான் ஓய்வு பெற்றார். தானும் டேங்கும் ஒரே படத்தில் இருக்க வேண்டும் என்று ஆசை.

மாப்பிள்ளையான போட்டோக்காரருக்கு இது மானப் பிரச்சினை. கல்யாணமான புதிதில் இதே இடத்தில் எடுத்த படத்தில் டேங்க் பளிச்சென்று விழுந்தது, மாமனார் கரிக்கட்டையாக விழுந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர் கரி மாப்பிள்ளை. மனைவியின் அக்கா மகளுக்குக் கரிச் சித்தப்பா.

“என் கண்ணுக்கு ரெண்டும் தெரியுது. கேமராவுக்கு மட்டும் என்ன கேடு, கரி மாப்பிள்ளை?”

“அது கண்ணு இல்ல மாமா, சென்சாரு. அவ்வளவு வெளிச்சமும் இருட்டும் சேர்ந்து வந்தா தாங்காது. வெளியில பார்த்தா நீங்க கரி. உங்களைப் பார்த்தா டேங்க் சுண்ணாம்பு.”

“அரைகுறைன்னு சொல்லுங்க.”

“அதான் மூணு தடவை எடுக்கிறேன். வெளிச்சத்துக்கு ஒண்ணு, இருட்டுக்கு ஒண்ணு, நடுவுல ஒண்ணு. அப்புறம் மூணையும் ஒண்ணாக்கிடுவேன்.”

தரகர்களுக்காகக் காலி வீடுகளைப் படமெடுப்பதுதான் அவர் பிழைப்பு. எல்லாம் இப்படித்தான் எடுப்பார். காலி அறைகள் சொன்ன பேச்சு கேட்கும். அவற்றுக்குக் கழுத்து கிடையாது.

முதல் இரண்டு படத்துக்கும் மாமனார் சிலை. மூன்றாவதை அழுத்தும்போது வெளியே சளசளவென்று சத்தம்.

“வழியுது! புதுசா வந்தவன் மோட்டாரை நிறுத்தாம எங்க தொலைஞ்சான்?”

தலை திரும்பிவிட்டது. அடுத்த நிமிடம் ஆளே இல்லை. தொப்பலாக நனைந்து திரும்பியவர், இனி உட்கார முடியாது என்றார்.

இருந்த மூன்றையும் வைத்துப் போட்டோக்காரர் ஒன்றாக்கினார். வீடே கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றது. அறை தெரிந்தது. டேங்க் தெரிந்தது. வழிகிற தண்ணீர்கூடத் தெரிந்தது. மாமனாரின் கழுத்துக்கு மேல் கேமராவைப் பார்த்து ஒரு தலை. டேங்கைப் பார்த்து, புகைபோல, இன்னொன்று.

“ஒரு தலை பேசுறதையே தாங்க முடியல” என்றாள் மாமியார்.

“அழிச்சிருங்க” என்று மனைவி காதில் சொன்னாள். அவர் விரல் டெலீட் பட்டனுக்குத்தான் போனது.

“கையை எடுங்க மாப்பிள்ளை.” மாமனார் குனிந்து பார்த்தார். “நானும் டேங்கும் தெரியறோமில்ல?”

“தெரியறீங்க. நீங்க கொஞ்சம் கூடுதலாவே தெரியறீங்க.”

“வேலையில இப்படித்தான் இருந்தேன். ஒரு தலை ஆபீசர் பக்கம், ஒரு தலை டேங்க் பக்கம். பெருசாப் போட்டுக் கொடுங்க மாப்பிள்ளை.”

மாப்பிள்ளை என்று கூப்பிட்ட இரண்டு தடவையும் முன்னால் கரி வரவில்லை. போட்டோக்காரர் எண்ணிக்கொண்டார்.

மறுநாள் காலையில் பிரிண்ட் கடையில் படத்தைக் கொடுத்தார். பிறகு ஒரு காலி வீட்டில் ஹாலையும் சமையலறையையும் எடுத்தார். எதுவும் அசையவில்லை. மதியம் அக்கா மகள் போன் செய்தாள்.

“ரெட்டைத்தலைச் சித்தப்பா, படம் எப்ப வரும்?”

சாயங்காலம் என்றார்.