அணைக்கக் கூடாத மிஷின்

படுத்திருந்தவரின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஈரத்துணியை விட்டுத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு அடுத்த இடுக்குக்குப் போனாள் கண்டக்டர். மடங்கியே கிடக்கும் விரல்களுக்குள் வேர்வை தங்கினால் தோல் ஊறிப்போகும், பிறகு புண்ணாகும். இடது கையை முடித்துவிட்டுத்தான் வலது கைக்கு வருவாள். சொன்ன பேச்சு கேட்கும் விரல்கள் அந்தக் கையில்தான் மிச்சமிருந்தன, கட்டைவிரலும் அதற்கடுத்ததும்.

அவள் கண்டக்டர் இல்லை. நோயாளிகளை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள். அந்தப் பெயரை வைத்தது படுக்கையில் கிடந்த டிரைவர். அவர் நிஜமாகவே டவுன் பஸ் ஓட்டியவர். தசைகளை ஒவ்வொன்றாக வற்றவைக்கும் ஒரு நரம்பு நோய் வந்து முதலில் கால் போயிற்று, பிறகு கை. பேச்சும் பாதி போய்விட்டது. மிச்சமிருந்த பாதியை அவர் கிண்டலுக்கு ஒதுக்கி வைத்திருந்தார்.

“கண்டக்டர்... போதும். வண்டிய எடுக்கணும்.”

“ஓட்டற கை சுத்தமா இருக்கணும். பாசஞ்சர் புகார் குடுத்துடப் போறாங்க.”

“எல்லாம்... டிக்கெட் வாங்காத பயலுங்க.”

வண்டி என்பது ஒரு கேம். அவர் மனைவியின் தம்பி செல்போன் கடையில் வேலை பார்க்கிறவன். அக்கா புருஷன் கூரையையே பார்த்துக்கொண்டு கிடப்பது பொறுக்காமல் அந்த பஸ் ஓட்டும் கேமை முழு விலை கொடுத்து வாங்கி வந்தான். அதில் நமக்கு வேண்டிய சாலையை நாமே போட்டுக்கொள்ளலாம். மாமா சொல்லச் சொல்ல மச்சினன் உட்கார்ந்து அவர் காலமெல்லாம் ஓட்டிய ரூட்டை வரைந்தான். மார்க்கெட் வளைவு, பள்ளிக்கூடத்து வேகத்தடை, ஆஸ்பத்திரி வாசல், ரயில்வே கேட் எல்லாம் வந்தன. “அந்த மரம் இன்னும் தள்ளி,” “அங்க ஒரு பெட்டிக்கடை,” என்று டிரைவர் திருத்திக்கொண்டே இருந்தார். மாதக்கணக்கில் ஆன வேலை. படுக்கைக்குக் குறுக்கே நிற்கும் மேசையில் திரை, பக்கத்தில் கேம் மிஷின், பலகையில் இறுக்கி வைத்த கைப்பிடி, அதன் மேல் அந்த இரண்டு விரல்கள். தினம் சாயங்காலம் ஒரு டிரிப். பக்கத்தில் நின்று அவள் “ரைட்!” என்று குரல் கொடுக்காமல் வண்டி நகராது. டிரிப் முடிந்தால்தான் குழாய் வழியாகக் கஞ்சி இறங்கும். அதற்கு முன் கொடுக்கப் போனால் கண்ணை மூடிக்கொள்வார்.

அதில் ஒரே ஒரு தொல்லை. கேமைத் திறக்கும்போதெல்லாம் இண்டர்நெட் வழியாக, எங்கோ இருக்கும் கம்பெனியிடம் அது அனுமதி கேட்கும். இது திருட்டு டிஸ்க் இல்லை, காசு கொடுத்து வாங்கியதுதான் என்று அங்கிருந்து தலையாட்டினால்தான் உள்ளே விடும். மழைக்கு லைன் போனால் டிரைவருக்கு லீவு. அவள் தன் போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்து நெட் பிடித்துக் கொடுத்த நாட்கள் உண்டு.

பிறகு கம்பெனி ஓர் அறிவிப்பு விட்டது. இந்தக் கேமுக்கு ஆள் குறைந்துவிட்டதாம், அனுமதி கொடுக்கும் சர்வரை மூடப் போகிறார்களாம்.

“மூடினா மூடட்டும். டிஸ்க் நம்மகிட்ட இருக்குல்ல?” என்றாள் டிரைவரின் மனைவி.

“இருக்குக்கா. ஆனா திறக்கச் சொல்றதுக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்காது.”

“அப்ப நம்ம வீட்டு அலமாரிக்கு எவனோ சாவி வெச்சிருக்கானா? இதென்னடா கூத்து!”

மச்சினன் யோசித்து ஒரு வழி சொன்னான். திறக்கும்போதுதான் கேட்கிறது, திறந்த பிறகு கேட்பதில்லை. மூடுவதற்குள் திறந்து வைத்துவிட்டு அப்புறம் அணைக்கவே கூடாது. திரையை மட்டும் அணைக்கலாம். கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் தாங்கும்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நோயாளிகள் இரண்டு பேர். கண்டக்டர் காலையில் டிரைவரின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள், அடுத்து மிஷினின் முதுகில் வைத்துப் பார்ப்பாள். காற்றுத் துளைகளில் சேரும் தூசியைப் பழைய பெயிண்ட் பிரஷால் தட்டுவாள். சர்வர் மூடியாயிற்று. உலகத்தில் எல்லா வீட்டிலும் அந்தக் கேம் செத்துப்போனாலும் இங்கே பஸ் ஓடியது. “ஸ்டிரைக் நாள்ல... ஓட்டற மாதிரி இருக்கு. ரோடே... காலி,” என்றார் டிரைவர். அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அபூர்வம்.

ஒரு சாயங்காலம் பஸ் ஆஸ்பத்திரி நிறுத்தத்தைத் தாண்டியபோது அவருக்கு இருமல் வந்தது. பாதியில் நின்றது. சளி தொண்டையில் அடைத்துக்கொண்டு மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. உதடு கறுத்தது. அவள் அவரை ஒருக்களித்துச் சாய்த்துவிட்டு, சளி உறிஞ்சும் மிஷினை மூலையிலிருந்து ஒரே இழுப்பில் கட்டிலருகே கொண்டுவந்தாள். அதன் வயர் குட்டை. எப்போதும் எக்ஸ்டென்ஷன் போர்டில்தான் செருகுவாள். போர்டு அங்கே இல்லை.

தலைமாட்டுச் சுவரில் இரண்டு பிளக். இரண்டும் கறுப்பு. கைக்கு முதலில் அகப்பட்டதை உருவி எறிந்துவிட்டு இதைச் செருகினாள். குழாயைத் தொண்டைக்குள் விட்டாள். அடைப்பு கொரகொரவென்று வந்து பாட்டிலில் விழுந்தது. மூச்சு உள்ளே போயிற்று. உதடு மெல்லப் பழைய நிறத்துக்குத் திரும்பியது.

அதற்கப்புறம்தான் திரை கறுத்துக் கிடப்பது இரண்டு பேர் கண்ணிலும் பட்டது.

அவள் சுவரைப் பார்த்தாள். செருகியிருந்த இன்னொரு பிளக், படுக்கைப்புண் வராமலிருக்கப் போட்ட காற்று மெத்தையின் மோட்டாருடையது. அதை உருவியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. மெத்தை அரைமணி நேரம் தாங்கும்.

கேம் மிஷினைச் செருகி மறுபடி போட்டாள். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது. ‘இணைக்க முடியவில்லை. பிறகு முயலவும்’ என்று திரையில் எழுத்து வந்து நின்றது.

அடுத்த அறையிலிருந்து ஓடிவந்த மனைவி விஷயம் தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். “அய்யோ, போர்டை நான்தான் புடவை அயர்ன் பண்ண எடுத்துட்டுப் போனேன் சிஸ்டர்...”

“அழறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு. தம்பிக்குப் போன் போடும்மா.”

மச்சினன் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தான். டிஸ்கை எடுத்துத் துடைத்துப் போட்டான், வயர்களைப் பிடுங்கி மாட்டினான், போனில் தேடினான். எழுத்து மாறவில்லை.

“என் ரூட்டு... இருக்கா?” என்றார் டிரைவர்.

“உள்ளதான் இருக்கு மாமா. எங்கயும் போகல. நம்மளத்தான் உள்ள விடமாட்டேங்குது.” மச்சினன் டிஸ்கை வெளியே எடுத்தான். “வேற நல்ல கேம் இருக்கு, நாளைக்கே...”

டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள முயன்றார். கழுத்து ஒத்துழைக்காததால் கண்ணை மட்டும் திருப்பிக்கொண்டார்.

அக்காவும் தம்பியும் வெளியே போன பிறகு அவள் நாற்காலியை இழுத்து அவர் பார்வையில் படும்படி உட்கார்ந்தாள். மூடி மறைப்பது அவளுக்கு வராது.

“தப்பான பிளக்கை உருவிட்டேன். மெத்தையோடதை எடுத்திருக்கணும். பாக்கல.”

அவர் அவளை நேராகப் பார்த்தார். “எதுக்கு... எடுத்தே?”

“அவசரத்துல பிளக் எதுன்னு...”

“பிளக் இல்ல. சளிய.”

 

“மூச்சு அடைச்சா எடுக்கறதுதான் என் வேலை. நாளைக்கு அடைச்சாலும் எடுப்பேன்,” என்றாள்.

அவர் கண்ணில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அவரால் துடைத்துக்கொள்ள முடியாது. அவள் துணியை எடுத்துக்கொண்டு கிட்டே போனாள். அவர் பல்லைக் கடித்துக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். வேண்டாம் என்று அர்த்தம். அவள் துணியை மடியிலேயே வைத்துக்கொண்டாள். நீர் தானாகக் காய்ந்தது.

“வேற ஆளை அனுப்பச் சொல்லட்டுமா?”

“சொல்லு,” என்றார். கண்டக்டர் என்று கூப்பிடவில்லை.

வாசலில் அவர் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏதோ கோவத்துல சொல்றாரு சிஸ்டர். மனசுல வெச்சுக்காதீங்க. நாளைக்கு எல்லாம் சரியாயிடும்.”

“கோவமோ என்னவோ. தன்னை யார் தொடணும்னு அவர்தான்மா சொல்லணும். அதையும் பிடுங்கிக்கிட்டா அவருக்குன்னு என்ன இருக்கு?” என்று சொல்லிவிட்டு, அங்கே நின்றபடியே தன்னை அனுப்பிய ஏஜென்சிக்குப் போன் செய்தாள்.

மறுநாள் காலை புதிய பெண் வந்தாள். சின்ன வயது, உறுதியான தோள். கண்டக்டர் அவளுக்குக் கஞ்சியின் பதம், குழாயைக் கழுவும் விதம், சளி வரும்போது முதலில் கேட்கும் சத்தம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். டிரைவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவருக்கு என்ன பிடிக்கும்க்கா? பாட்டு கீட்டு ஏதாவது போடவா?”

கண்டக்டர் கட்டிலைப் பார்த்தாள்.

“சாயங்காலத்துல ஒண்ணும் கேக்காதே. சும்மா பக்கத்துல உக்காரு. இப்ப இவரைத் திருப்பு, பாக்கறேன்.”

புதியவள் ஒரு கையைத் தோளுக்கடியிலும் இன்னொன்றை இடுப்புக்கடியிலும் கொடுத்து அவரை மெதுவாகப் புரட்டினாள். கண்டக்டர் குனிந்து முதுகிலும் இடுப்பெலும்பின் மேலும் குதிகாலிலும் பார்த்தாள். எங்கும் ஒரு சிவப்புகூட இல்லை.

“இன்னும் கொஞ்சம் சாய்ச்சு வை. முழங்காலுக்கு நடுவுல தலையணை,” என்றாள். அந்தப் பெண் வைத்தாள். “ம். சரியாத்தான் பண்றே.”